மெர்த்தர் டிட்வில்: உள்ளூர் வாக்கைத் தனியே எடைபோடும் ஊர்

வேல்ஸ் நாட்டின் உள்ளாட்சி 1996 ஏப்ரல் 1 முதல் 22 கவுன்சில்களின் கையில் இருக்கிறது. அதற்கு முன் மாவட்ட அளவில் ஒன்றும் வட்டார அளவில் ஒன்றுமாக இரண்டு அடுக்குகள் இருந்தன. அவற்றைக் கலைத்து, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, சாலை, நூலகம், குப்பை அகற்றல், கட்டட அனுமதி ஆகிய எல்லாவற்றையும் ஒரே மன்றத்தின் பொறுப்பில் வைத்தனர். இவற்றுள் சில 'கவுண்டி பரோ', அதாவது மாவட்டத்துக்குரிய அதிகாரங்களைக் கொண்ட நகராட்சி, என்று பெயர் பெற்றவை. டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் அமைந்த மெர்த்தர் டிட்வில் அத்தகையது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 59,000 பேர் வாழும் இதுவே 22 கவுன்சில்களிலும் மக்கள்தொகையில் மிகச் சிறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வூர் வேல்ஸின் மிகப் பெரிய நகரமாக இருந்தது. கவார்த்வா, டவ்லைஸ், பெனடாரன், பிளிமத் என்னும் நான்கு பெரும் இரும்பாலைகள் இங்கே இயங்கின. அந்த நான்கு பெயர்களும் இன்று கவுன்சில் தேர்தலின் வட்டங்களுக்கு வழங்குகின்றன. ஆலைகள் வளர்ந்த வேகத்தில் ஊருக்கு நிர்வாகம் வளரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி ஒன்று அமைந்தால் வரிச்சுமை தம்மீது விழும் என்று ஆலை முதலாளிகள் அதை எதிர்த்துவந்தனர். நல்ல குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் இல்லாத அந்த நகரில் 1849-இல் பரவிய காலரா ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நகராட்சி உரிமை 1905-இல்தான் கிடைத்தது. உள்ளூர்த் தேர்தல் இல்லாத காலத்துக்கு இவ்வூர் மக்கள் உயிரால் விலை கொடுத்தனர் என்பதை மிகைப்பட்ட கூற்றாகக் கொள்ள இயலாது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தும் அதன் குரல் எடுபடாமல் போனதற்கு அபெர்வான் சாட்சியாக நிற்கிறது. மெர்த்தர் எல்லைக்குள் உள்ள அந்தச் சுரங்கச் சிற்றூரில், 1966 அக்டோபர் 21-ஆம் நாள் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளியை மூடியதில் 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டனர். பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டப்படுவதன் ஆபத்தைக் குறித்து நகராட்சிப் பொறியாளர்கள் 1963-இலேயே எழுதியிருந்தனர். ஆயினும் கழிவு மேடுகள் தேசிய நிலக்கரி வாரியத்தின் பொறுப்பில் இருந்தன, பேரிடருக்கு வாரியமே காரணம் என்று பின்னர் விசாரணைத் தீர்ப்பாயமும் கண்டது. உள்ளாட்சிக்கு எச்சரிக்கும் அறிவு இருந்தது, தடுக்கும் அதிகாரம் இல்லை.

அரசியலில் மெர்த்தர் தொழிற்கட்சியின் பிறப்பிடங்களுள் ஒன்று. அக்கட்சியின் மூலவர்களில் ஒருவரான கெய்ர் ஹார்டி 1900-இல் இங்கிருந்துதான் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். இருப்பினும், கட்சியின் சொல்லுக்காக மட்டும் வாக்களிக்கும் ஊராக இது இருந்ததில்லை. 1934 முதல் இவ்வூரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எஸ்.ஓ. டேவிஸை முதுமையைக் காட்டி 1970-இல் கட்சி நிறுத்த மறுத்தபோது, அவர் கட்சி வேட்பாளரை எதிர்த்துத் தனியே நின்று வென்றார்.

இதே மனப்போக்கு 2017-இல் இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. அவ்வாண்டு மே 4 அன்று நடந்த கவுன்சில் தேர்தலில் 33 இடங்களில் 30-க்கு மட்டுமே வாக்குப்பதிவு நடந்தது. கவார்த்வா வட்டத்தில் வேட்பாளர் ஒருவர் இறந்துவிட்டதால் அங்குள்ள மூன்று இடங்களுக்கான தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு, பிரிட்டன் பொதுத்தேர்தல் நாளான ஜூன் 8 அன்று நடைபெற்றது. ரிம்னிப் பகுதியையும் சேர்த்த நாடாளுமன்றத் தொகுதியில் தொழிற்கட்சி அன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றது. கவுன்சில் ஆட்சியோ அக்கட்சியிடமிருந்து சுயேச்சைகளின் கைக்குப் போனது. ஐந்தே வார இடைவெளியில் வெளிப்பட்ட இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை அல்ல. லண்டனில் யார் ஆள்வது என்பதும், தெருவையும் பள்ளியையும் யார் கவனிப்பது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று மக்கள் கருதியதன் விளைவே அவை. இதனை அரசியல் முதிர்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

வேல்ஸின் உள்ளாட்சித் தேர்தல் முறை எளிமையானது. ஒரு வட்டத்தில் எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. கூடுதல் வாக்குப் பெற்றவர்கள் வெல்வர். வேட்பாளர் வைப்புத்தொகை கட்ட வேண்டியதில்லை. வாக்குச்சீட்டு வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படுகிறது. 2021-இல் இயற்றப்பட்ட சட்டம் வாக்குரிமை வயதை 16 ஆகக் குறைத்து, கவுன்சிலின் பதவிக்காலத்தை ஐந்தாண்டு என்று நிலைப்படுத்தியது. நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கட்டாயமாக்கப்பட்ட புகைப்பட அடையாள அட்டை, வேல்ஸின் உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேவையில்லை.

இத்தனை வாசல்கள் திறந்திருந்தும் வருவோர் குறைவு என்பது வருந்தத்தக்கது. 2022 மே 5 தேர்தலில் வேல்ஸ் முழுவதற்குமான வாக்குப்பதிவு 40 விழுக்காட்டை எட்டவில்லை. போட்டியே இன்றித் தேர்வான உறுப்பினர்களும் பலர் இருந்தனர், குறிப்பாக வடமேற்கில் உள்ள குவினெத் மாவட்டத்தில். வாக்களிப்போர் குறைந்தால் சில பத்து வாக்குகளே ஒரு வட்டத்தின் முடிவைத் தீர்மானித்துவிடும்.

தமிழ் வாசகர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. வேல்ஸில் முறையான அனுமதியுடன் வாழும் இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், பிரிட்டன் குடியுரிமை பெறாவிட்டாலும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவர்களுக்கும் இது பொருந்தும். அடுத்த தேர்தல் 2027 மே மாதம் வரவிருக்கிறது. கார்டிஃபிலோ ஸ்வான்சியிலோ மெர்த்தரிலோ உறவினரோ நண்பரோ வாழ்ந்தால், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுமாறு அவர்களிடம் இப்போதே சொல்லுங்கள்.