மஞ்சள் பல்லுக்கு என்ன பெயர்?

தருமபுரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. அங்கே அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏழாம் வகுப்புல நிறையப் பிள்ளைங்களுக்குப் பல்லுல மஞ்சளும் பழுப்புமாக் கோடு சார். ஒழுங்காப் பல் தேய்க்கலைன்னு நானே திட்டியிருக்கேன். தண்ணியில இருக்கற ஃபுளோரைடுதான் காரணம்னு சொல்றாங்க. பெற்றோர் கூட்டத்துல பேசறதுக்கு முன்னால நம்பகமான கட்டுரை நாலு படிச்சுடணும். எங்க தேடறது?"

பப்மெட்டில் தேடச் சொன்னேன். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தரவுத்தளம் அது. 3.7 கோடிக்கு மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் விவரங்கள் அதில் இருக்கின்றன. தேடக் கட்டணம் கிடையாது. மறுநாள் இரவே போன் வந்தது. 'மஞ்சள் பல்' என்று ஆங்கிலத்தில் தட்டினாராம். பல் வெளுக்கும் சிகிச்சை, புகையிலைக் கறை என்று பக்கம் பக்கமாக வந்ததே தவிர, குடிதண்ணீரைக் காணோம்.

கட்டுரைகள் இல்லாமல் இல்லை. அந்த இயந்திரத்துக்கு மஞ்சள் பல் என்றால் என்னவென்று தெரியாது.

தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டதும் கணினி 3.7 கோடிக் கட்டுரைகளையும் புரட்டிப் பார்ப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். அந்த வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. கனமான புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே ஏற்பாடு. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது வரும் கட்டுரைகளின் எண்கள் வரிசையாக நிற்கும். இரண்டு சொல் கொடுத்தால் இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள எண்களை மட்டும் பொறுக்கித் தரும். இதற்குப் பெயர் 'அண்ட்'. தமிழ் 'உம்' என்றுதான் இதற்குப் பொருள் சொல்வார்கள். அதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஓட்டலில் இட்லியும் வடையும் என்றால் தட்டு நிறையும். இங்கே இட்லியும் வடையும் என்றால் இரண்டும் இருக்கும் தட்டு மட்டுமே வரும், வெறும் இட்லித் தட்டு திரும்பிப் போய்விடும். சொல் சேரச் சேர விடை குறையும். பெருக்க வேண்டுமானால் 'ஆர்', அதாவது 'அல்லது', போட வேண்டும்.

ஆனால் சொல்லடைவு மட்டும் போதாது. ஒரே நோயை ஒருவர் 'புள்ளி விழுந்த எனாமல்' என்று எழுதுவார், இன்னொருவர் 'பல் ஃபுளோரோசிஸ்' என்பார். இந்தச் சிக்கலை நூலகர்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பே சந்தித்தவர்கள். ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-இல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அச்சு அட்டவணையைத் தொடங்கினார். பப்மெட்டின் பாட்டன் அதுதான். 1960-இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 'மெஷ்' என்ற தலைப்புச் சொற்பட்டியலைக் கொண்டுவந்தது. இன்று அதில் ஏறத்தாழ 30,000 தலைப்புகள். கட்டுரை ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், வாசித்துப் பார்த்து அதற்கு உரிய தலைப்பை ஒட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 2022 முதல் இதைப் பெரும்பாலும் கணினியே செய்கிறது, ஒரு பகுதியை மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் நம் நோயின் பெயர் 'ஃபுளோரோசிஸ், டென்டல்'. ஆசிரியை அதைப் போட்டு, 'இந்தியா' என்பதையும் சேர்த்து, முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பவை மட்டும் என்று வடிகட்டினார். பேச்சே மாறிப்போயிற்று. "இப்பத்தான் சார் இது நம்ம ஊரைப் பத்திப் பேசுது."

பொருள் தலைப்புதான் மந்திரச் சாவி என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1937-இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் மக்களுக்குப் பல்லில் கறை, முதுகெலும்பு மரம்போல இறுக்கம். அதற்குக் காரணம் ஃபுளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீர் என்று இந்தியாவில் முதலில் பதிவு செய்த ஆய்வுகளில் ஒன்று அது. அந்த இதழின் பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கட்டுரைகளுக்கு மெஷ் தலைப்பு ஒட்டப்படவில்லை. தலைப்பை மட்டும் நம்பித் தேடினால் அது கண்ணில் படாது. 'ஃபுளோரோசிஸ் நெல்லூர்' என்று வெறும் சொல்லாகத் தட்டினால் வந்து நிற்கும். ஆக, தலைப்பில் ஒரு முறை, சொல்லில் ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் வலை வீச வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் அவர் கட்டுரைகளைப் படித்துக் காட்டவில்லை. ஊர் போர்வெல் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, பரிசோதனைப் பெட்டியில் இருந்த மருந்தைச் சொட்டுவிட்டார். இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சள் பக்கம் போயிற்று. ஃபுளோரைடு கூடக் கூட அப்படித்தான் வெளுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கரும்பலகையில் எழுதினார். "காய்ச்சிக் குடிச்சாச் சரியாப் போயிடுமா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டாராம். அதற்கும் பதில் தயாராக இருந்தது: காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு போகாது, மிச்சத் தண்ணீரில் இன்னும் செறிவாகும். பல் உருவாகும் சிறுவயதில்தான் இந்தக் கறை விழுகிறது, ஆகவே பிள்ளையைத் திட்டிப் பயனில்லை என்றும் சொன்னார். தான் திட்டியதையும் சேர்த்துத்தான் சொன்னாராம்.

அடுத்து அவருக்குத் தமிழில் தேட ஆசை வந்தது. பிள்ளைகளே படிக்கலாம் அல்லவா? இணையத்தில் தமிழ் மின்நூலகம் இருக்கிறது, இலங்கைத் தமிழர்கள் கட்டிய நூலகம் தளம் இருக்கிறது, முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. ஆனால் சொல்லின் உருவத்தை மட்டுமே பார்க்கும் தேடலுக்குத் தமிழ் பெரிய தலைவலி. 'பல்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் கொடு என்றால் பல்லி வரும், பல்லக்கு வரும், பல்கலைக்கழகம் வரும். 'பற்கள்' மட்டும் வராது! நம் புணர்ச்சி விதி லகரத்தை றகரமாக்கியது அந்த இயந்திரத்துக்குத் தெரியவா போகிறது? ஃபுளோரைடையோ ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம்.

ஆசிரியை இதையே வகுப்பு வேலையாகக் கொடுத்துவிட்டார். தரவுத்தளம் தவறவிடக்கூடிய எழுத்து வடிவங்களைப் பிள்ளைகள் கண்டுபிடித்து 'ஆர்' போட்டுக் கோக்க வேண்டும். பல், பற்கள், பல்லில், பற்களில், புளோரைடு, ஃபுளோரைடு, ஃப்ளோரைடு, ஃப்ளூரைடு என்று கரும்பலகை நிறைந்துகொண்டே போனதாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எங்க பாட்டி இதைக் கறப்பல்லுன்னு சொல்லும், அதையும் போடலாமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். போட்டார்கள்.