வைரம் வாங்குமுன் கணக்குப் பாருங்கள்



சில ஆண்டுகளுக்கு முன், குமுளிக்கு அருகிலுள்ள ஏலத்தோட்டப் பகுதியிலிருந்து ஒரு விசுவாசக் குடும்பத்தார் கண்ணீரோடு என்னிடம் வந்தனர். அவர்கள் நகை அணியாதவர்கள். ஆயினும் பிள்ளைகளுக்குச் சேமிப்பாக இருக்கட்டும் என்று, சீட்டுப் பணத்தில் ஒரு வைர மாலை வாங்கி வைத்திருந்தனர். மகளின் நர்சிங் படிப்புக் கட்டணத்திற்காக அதை அடகு வைக்கச் சென்றபோது, கற்களின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்திற்கு மட்டுமே கடன் கிடைத்தது. அவர்கள் கொடுத்த விலையில் பெரும்பகுதி கல்லுக்குரியது.

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்திலிருந்து பிழைப்பிற்காக நகரங்களுக்குச் சென்ற நம் குடும்பங்கள் பல, இவ்விதமாகவே பணத்தை முடக்குகின்றன. ஆகையால் சிலவற்றை அறிந்துகொள்வது அவசியம்.

காரட் என்பது என்ன?

தங்கத்தில் காரட் தூய்மையைக் குறிக்கும். வைரத்திலோ எடையைக் குறிக்கும். ஒரு காரட் 200 மில்லிகிராம். அதாவது 5 காரட் ஒரு கிராம். ஒரு காரட் 100 சென்ட். ஒரே தரமுடைய பத்து சென்ட் கற்கள் பத்தின் விலையைவிட, ஒரு காரட் எடையுள்ள ஒற்றைக் கல்லின் விலை பன்மடங்கு அதிகம். எனவே "ஒரு காரட் மாலை" என்றால், அது ஒரே கல்லா, பல சிறு கற்களின் மொத்த எடையா என்று கேளுங்கள். எடையோடு நிறம், தெளிவு, பட்டை தீட்டப்பட்ட விதம் ஆகிய மூன்றும் விலையைத் தீர்மானிக்கின்றன.

எத்தகைய கல்?

இயற்கை வைரம் பூமியின் ஆழத்தில் உருவானது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரமும் அதே கரியால் ஆனதே. கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. 1954-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இம்முறையில் வெற்றி கண்டது. நம் நாட்டிலும் 2023-ல் மத்திய அரசு இவ்வாராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் அறிவித்தது. உற்பத்தி பெருகப் பெருக, இவ்வகை வைரத்தின் விலை வெகுவாக வீழ்ந்துள்ளது. அதை வாங்குவது தவறன்று. இயற்கை வைரத்தின் விலை கொடுத்து வாங்குவதே நஷ்டம். "அமெரிக்கன் டைமண்ட்" எனப்படும் சிர்கோனியாவோ வைரமே அன்று. கடையிலுள்ள சிறு சோதனைக் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். ஆய்வக வைரத்தைப் பிரித்துக் காட்டாது.

எது சாட்சி?

நகையிலுள்ள ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சாட்சி, கல்லுக்கன்று. கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் தேவை. அதன் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். ரசீதில் தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, இயற்கையா ஆய்வக வைரமா என்ற விவரம், இவற்றின் விலை ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டும். கல்லையும் தங்கத்தோடு நிறுத்துத் தங்க விலை போட இடங்கொடாதீர்கள்.

திரும்ப விற்றால்?

தங்கத்திற்கு நாள்தோறும் அறிவிக்கப்படும் விலை உண்டு; வைரத்திற்கு அவ்விதம் இல்லை. செய்கூலியும் ஜி.எஸ்.டி.யும் திரும்பி வராது. "எப்போது கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வோம்" என்ற வாய்மொழியை நம்பாமல், எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

எல்லை தாண்டிக் கோவையிலோ தேனியிலோ வாங்கியவர்கள், ஏமாற்றப்பட்டால் அங்கேயே அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் பெறலாம். ஆனால் ரசீது இல்லாதவரின் வழக்கு நிலைப்பது கடினம்.

பிரியமானவர்களே, கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முன்னதாகவே செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). அந்தத் தாயார் மாலை வாங்கிய நாளில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "நாளை இதை இங்கேயே கொண்டுவந்தால் எவ்வளவு தருவீர்கள்?" பிள்ளையின் படிப்பிற்கென்று சேர்க்கும் பணம், தேவைப்படும் நாளில் குறையாமல் கைக்கு வர வேண்டும். வைரம் அதற்கு ஏற்ற பெட்டகம் அன்று.