உத்தியோகமும் ஓய்வும் – 7: கச்சேரியும் கட்சிக்காரரும்

சென்ற வாரம் கிளப்புகளைப் பற்றிச் சொல்லிவந்தபோது, சென்னை நகரத்து வக்கீல்களுக்கும் வைத்தியர்களுக்கும் வாய்த்த பொழுதுபோக்குகளில் தலைசிறந்ததான சங்கீதத்தைத் தனியே எழுதலாமென்று ஒதுக்கி வைத்திருந்தேன். இந்நகரத்தின் சங்கீத ஸ்தாபனங்களை வளர்த்தவர்களில், பகலெல்லாம் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையில் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அநேகர். 1927-இல் இங்கே காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனோடு சேர்ந்து நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக மறு வருஷம் தோன்றிய மியூஸிக் அகாடமிக்கு முதல் தலைவராக அமர்ந்த யு. ராமராவ் ஒரு டாக்டர். அதன் காரியங்களில் முன்னின்ற இ. கிருஷ்ணய்யர் வக்கீல். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக விளங்கிய டி. எல். வெங்கடராமய்யரோ, டி. கே. பட்டம்மாளுக்குத் தீட்சிதர் கிருதிகளைக் கற்பித்தவர். இவர்கள் எல்லாரினும் என் மனத்தைக் கவர்ந்தவர் ஆந்திர தேசத்து டாக்டர் ஸ்ரீபாத பினாகபாணி: வைத்தியக் கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டே நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி முதலியோரைச் சிறந்த வித்வான்களாக்கி, 1983-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்ற அந்த மனிதருக்கு, ஒரு நாளில் நமக்குள்ளதைவிட அதிக நாழிகை இருந்திருக்க நியாயமில்லை.

அக்காலத்தில் கச்சேரிக்குப் போவது குடும்பக் காரியமாகவே இருந்தது. கட்சிக்காரர்களை மறுநாள் காலையில் வரச்சொல்லி அனுப்பிவிட்டு வக்கீல் சகுடும்பமாகப் புறப்படுவார். பல்லவி தொடங்குமுன்பே தூங்கிவிடுகிற குழந்தைகளுக்குக்கூட, ஏதோ ஒரு ராகம் தெரியாமலே செவியில் ஏறிவிடும். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காண்டீனுக்கு நடக்கும் ரஸிகர்களை நான் என்றுமே ஆதரித்ததில்லை. ஆயினும் அந்தக் காப்பிக்காகவாவது பிள்ளைகள் உடன் வந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு யந்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி வரிசைவரை தம் தொண்டையாலேயே எட்டவேண்டியிருந்ததனால் உச்ச ஸ்ருதியில் பாடிய வித்வான்கள், ஒலிபெருக்கி வந்தபின் ஸ்ருதியைத் தாழ்த்திக்கொண்டு, நுட்பமான கமகங்களையும் மென்மையாகக் காட்டலானார்கள். கிராமபோன் தட்டோ, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷத்துக்குள் ராகத்தையும் கிருதியையும் அடக்கச் சொல்லிற்று. ஆனால் 1938 ஜூன் 16-ஆம் தேதி சென்னையில் தொடங்கிய ஆல் இந்தியா ரேடியோவின் நிலையம் குடும்பத்தைக் கலைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 1952 முதல் சனிக்கிழமை இரவுகளில் வந்த தேசிய சங்கீத நிகழ்ச்சியைக் கேட்க விரும்பியவர்கள், ரேடியோப் பெட்டி இருந்த கூடத்தில் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்தே ஆகவேண்டியிருந்தது. நேரத்துக்குக் கட்டுப்படவேண்டிய அவசியத்தை முதலில் நீக்கியது டேப் ரிக்கார்டர். அதைத் தொடர்ந்த காஸெட், பாட்டை மோட்டார் காரில் ஏற்றியது. கைப்பேசியோ, ஒரே வீட்டில் நால்வர் நான்கு பாட்டுக்களைத் தத்தம் காதுக்குள் கேட்கும்படி செய்துவிட்டது. 1970-களின் இறுதியில் பெங்களூரில் உருவான எலெக்ட்ரானிக் தம்புராவையும் இங்கே சொல்லவேண்டும்: ஸ்ருதி கலையாத உத்தமமான சாதனம்தான் அது, ஆனால் குருவின் பின்னால் தம்புரா மீட்டியபடியே பாடம் கேட்ட சிஷ்யனுடைய இடத்தை அது பிடித்துக்கொண்டது.

தொற்றுநோயின் காரணமாக 2020 டிசம்பரில் சபாக்கள் கச்சேரிகளை இணையத்தின் வழியே அளித்தபோது, எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் மிகவும் மகிழ்ந்தார். கட்சிக்காரர் போனில் கூப்பிடும்போதெல்லாம் வித்வானை நிறுத்தி வைத்துவிட்டுப் பேசலாமல்லவா! ஸீஸன் முடிந்தபின் விசாரித்தேன். வாங்கிய கச்சேரிகளில் ஒன்றையாவது மங்களம்வரை கேட்டதாக அவருக்கு நினைவில்லை. சபா நாற்காலியில் உட்கார்ந்த நாட்களில் இதே மனிதர் போனை அணைத்துவிட்டு இரண்டரை மணி நேரம் அசையாதிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தொழிலில் மூழ்கியவர்களுக்கு, நிறுத்தமுடியாத கச்சேரியே வீட்டிலுள்ள யந்திரங்கள் அளிக்காத ஓய்வை அளிக்கிறது.

டிசம்பர் ஸீஸனில் பல சபாக்களின் பகல்நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. இளம் வித்வான்கள் பாதி காலியான மண்டபத்தில் பாடுகிறார்கள். வாசகர்களில் உத்தியோகஸ்தராயிருப்பவர்கள் அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு பகல் அங்கே போய் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். நாடகக் கொட்டகைகளைப் பற்றி அடுத்த வாரம்.