மூணாவது வாட்டர் பம்பும் போச்சு, ஆனா தப்பு பம்ப் மேல இல்லை

இந்த வாரம் கோடிங் இல்லை, ஏஐ இல்லை. எங்க வீட்டு 2004 மாடல் மாருதி 800 பத்திப் பேசப்போறேன். வண்டியோட வந்த வாட்டர் பம்ப் பல வருஷம் சத்தமே இல்லாம ஓடிச்சு. அதுக்கு அப்புறம் மாத்தினது ஏழு மாசம் வந்துச்சு. அடுத்தது அஞ்சு மாசம். மூணாவது நாலு மாசம்கூட தாங்கலை.

அந்த மூணாவது போனது போன வருஷம் மே மாசம், மதியம் ரெண்டு மணி, பெருங்களத்தூர் தாண்டி. வண்டியில அப்பாவும் அம்மாவும் மட்டும். அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டிருந்தாரு. டெம்பரேச்சர் முள்ளு ஏறுறதைப் பார்த்ததும் அப்பா ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணிட்டாரு. அதனால சிலிண்டர் ஹெட் தப்பிச்சுது. ராத்திரி சாப்பிடும்போது “வித்துடலாம்டா”ன்னு சொன்னாரு, அவ்வளவுதான், வேற எதுவும் பேசலை. அவருக்கு வயசு 67. ஆப்ல டாக்ஸி புக் பண்ணத் தெரியும், ஆனா பிடிக்காது. இந்த வண்டி போச்சுன்னா வெளிய போறதுக்கு அவர் யாரையாவது கேட்கணும். அந்த யாரோ பெரும்பாலும் நான்தான். நான் பெரும்பாலும் மீட்டிங்ல இருப்பேன்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன், சண்டை போடத்தான். டூப்ளிகேட் பார்ட் போட்டு ஏமாத்துறாருன்னு முடிவே பண்ணிட்டேன். அவர் கோபப்படலை. கழட்டின பம்பை ஒரு பழைய துணியில துடைச்சு என் கையில கொடுத்தாரு. “பம்ப் தானா சாகலை தம்பி. வீட்ல எந்தத் தண்ணி ஊத்துறீங்க?”

மாடி டேங்க் தண்ணி. போர் தண்ணி. ஞாயித்துக்கிழமை தவறாம நான்தான் ஊத்துவேன்.

நான் படிச்சது மெக்கானிக்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சு கிளியர் பண்ண ஆளு, அப்புறம் எல்லாரையும் போல ஐடி. இருந்தாலும் பம்ப் எப்படி வேலை செய்யுதுன்னு படத்தோட வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன். அந்தப் படத்துல சீல்னு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குள்ளதான் இந்தக் கதை மொத்தமும் நடக்குது.

வாட்டர் பம்போட வேலை எளிமையானது. எஞ்சின் பெல்ட் ஒரு புல்லியைச் சுத்துது, புல்லியோட ஷாஃப்ட் சுத்துது, ஷாஃப்டோட மறுமுனையில இருக்கிற விசிறி மாதிரியான சக்கரம் கூலன்ட்டைத் தள்ளுது. சிக்கல் என்னன்னா, ஷாஃப்டோட ஒரு முனை தண்ணிக்குள்ள, இன்னொரு முனை வெளியில. சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு கம்பியைச் சுத்தி தண்ணி கசியாம எப்படி அடைக்கிறது? அதுக்குத்தான் மெக்கானிக்கல் சீல். ரெண்டு வழவழப்பான வளையம், பெரும்பாலும் ஒண்ணு கார்பன், இன்னொண்ணு செராமிக். ஒண்ணு நிக்கும், இன்னொண்ணு அது மேல உரசிக்கிட்டே சுத்தும். நடுவுல கண்ணுக்கே தெரியாத கூலன்ட் படலம் ஒண்ணு இருக்கும். அந்தப் படலம்தான் ரெண்டையும் தேயாம காப்பாத்துது. அதாவது இந்தச் சீலுக்கு எண்ணெய், கிரீஸ் எல்லாமே அந்தக் கூலன்ட்தான்.

அந்தப் படலம் அப்படியே இருக்காது. உரசுற சூட்டுல ஓரத்துல கொஞ்சம் ஆவியாகிட்டே இருக்கும், இது நல்ல சீல்லயும் நடக்கும். ஆவியாறது தண்ணி மட்டும்தான். அதுல கரைஞ்சிருந்த உப்பு அங்கேயே படியும். குளிக்கிற வாளியில போடுற ஹீட்டர் காயில் மேல வெள்ளையா கெட்டியா ஒண்ணு படிஞ்சிருக்கும்ல, அதே சமாச்சாரம். கால்சியம் கார்பனேட். அது கண்ணாடி மாதிரி இருக்கிற ரெண்டு வளையத்துக்கு நடுவுல போய் உட்கார்ந்தா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான்.

எங்க வீட்டு ஆர்ஓ சர்வீஸ் பண்ற தம்பிகிட்ட பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கு. டேங்க் தண்ணியில விட்டுப் பார்த்தோம், 1400 காட்டுச்சு. அதாவது ஒரு லிட்டர்ல சுமார் 1.4 கிராம் கரைஞ்ச பொருள். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் 500க்குள்ள இருக்கச் சொல்லுது, வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும் போகலாம். இப்போ கணக்கு போடுங்க. வாரம் அரை லிட்டர் ஊத்தினா வருஷத்துக்கு 26 லிட்டர், கிட்டத்தட்ட 36 கிராம் உப்பு. எல்லாமே உள்ள தங்கிடாது, ஒழுகுற தண்ணியோட கொஞ்சம் போயிடும். ஆனா சுண்ணாம்பு மாதிரி சூட்டுல கெட்டியாகுற பகுதி எங்க சூடு அதிகமோ அங்க ஒட்டிக்கும். எஞ்சின் பிளாக், சிலிண்டர் ஹெட், ரேடியேட்டர் குழாய், அப்புறம் அந்தச் சீல்.

சீல் தேஞ்சா ஒழுகும். ஒழுகினா லெவல் குறையும். குறைஞ்சா நான் போர் தண்ணி ஊத்துவேன். ஊத்தினா சீல் இன்னும் தேயும். இந்த லூப் ஓடிக்கிட்டே இருந்துச்சு, நான் ஒவ்வொரு தடவையும் புது பம்பை நட்டேன். புரொடக்ஷன்ல சர்வீஸ் கிராஷ் ஆகுது, லாக் படிக்காம ரீஸ்டார்ட் பண்ணிட்டு டிக்கெட்டை மூடுறோம்ல, அதேதான். ஆபீஸ்ல ஜூனியர் யாராவது இதைச் செஞ்சா நான் லெக்சர் எடுப்பேன்.

சொல்லப்போனா பம்புக்கும் லாக் இருக்கு. பம்போட உடம்புக்கு அடியில, சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல, சின்னதா ஒரு ஓட்டை விட்டிருப்பாங்க. சீலைத் தாண்டி வர்ற தண்ணி பேரிங் பக்கம் போகாம அது வழியா வெளிய சொட்டும். புது பம்புல முதல் கொஞ்ச நாள் லேசா ஈரம் தெரிஞ்சா பயப்பட வேண்டாம். அதுக்கு அப்புறமும் சொட்டினா, இல்லை ஓட்டையைச் சுத்தி கலர் கலரா கறை ஏறிட்டே போனா, சீல் முடிஞ்சதுன்னு அர்த்தம். சில இடத்துல இந்த ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைச்சுடுவாங்க. ஒழுக்கு நிக்கும். தண்ணி பேரிங்குக்குள்ள போகும், கிரீஸைக் கழுவிட்டுப் போகும், கடைசியில புல்லி ஆட ஆரம்பிக்கும். அலர்ட் வருதுன்னு அலர்ட்டையே மியூட் பண்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

மெக்கானிக் அண்ணன் அந்தப் பம்போட ஷாஃப்டை ரெண்டு விரல்ல பிடிச்சு ஆட்டிக் காட்டினாரு. ஆட்டம் இல்லை, அதாவது பேரிங் நல்லா இருக்கு, போனது சீல். எனக்கு அதுவரைக்கும் இந்த வித்தியாசமே தெரியாது. பேரிங் முதல்ல போயிருந்தா விசாரணை வேற திசையில போகணும், பெல்ட் பக்கம். மழை நாள்ல பெல்ட் கத்துதுன்னு இழுத்து முறுக்கிடுவோம். அந்த இழுவை முழுக்க பம்போட பேரிங் மேலதான் விழும். எவ்வளவு டைட் வேணும்னு மேனுவல்ல மில்லிமீட்டர்ல போட்டிருக்கும், அதைப் பார்க்கிறவங்க கம்மி.

இன்னொரு கொலைகாரன் ரேடியேட்டர் மூடி. ரொம்ப மலிவான பொருள், அதனாலயே யாரும் மதிக்கிறதில்லை. அது வெறும் மூடி இல்லை, ஸ்பிரிங் வெச்ச வால்வு. மேல 0.9 மாதிரி ஒரு எண் இருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சா தண்ணி 100 டிகிரிக்குப் பதிலா சுமார் 118 டிகிரியிலதான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தா, இல்லை ரப்பர் வெடிச்சா, அந்த அழுத்தம் போச்சு. பம்புக்குள்ள தண்ணி நுழையிற இடத்துலதான் அழுத்தம் ரொம்பக் குறைவு. அதனால அங்க முதல்ல ஆவிக் குமிழ் உருவாகும், அடுத்த நொடியே உடையும். உடையிற ஒவ்வொரு குமிழும் சக்கரத்து மேல சின்ன சுத்தியல் அடி. கேவிட்டேஷன்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணேனே, அதை முதல் தடவையா கண்ணால பார்த்தது இந்தப் பம்புலதான். சக்கரத்தோட விளிம்பு பூச்சி அரிச்ச மாதிரி இருந்துச்சு. எங்க வண்டி மூடியோட ரப்பரை நகத்தால தொட்டா உதிர்ந்துச்சு. மூணு பம்ப் மாத்தினோம், மூடியை ஒரு தடவைகூட மாத்தலை. (எஞ்சின் சூடா இருக்கும்போது மட்டும் இந்த மூடியைத் திறந்துடாதீங்க. முகத்துல அடிக்கும்.)

டூப்ளிகேட் பார்ட்ங்கிறது கட்டுக்கதைன்னு சொல்ல வரலை. நிஜமாவே இருக்கு, மோசமாவும் இருக்கு. ஆனா வேற வேற கடையில வாங்கின மூணு பம்பும் ஒண்ணை விட ஒண்ணு சீக்கிரமா போகுதுன்னா, மூணுக்கும் பொதுவா இருக்கிறதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். பொதுவா இருந்தது எங்க வண்டிக்குள்ள ஓடின தண்ணி. நானும்தான்.

நாலாவது பம்ப் மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வண்டி கடையிலயே நின்னுச்சு. ரேடியேட்டரைக் கழட்டி தலைகீழா தண்ணி விட்டோம். டீ டிகாக்ஷன் கலர்ல வந்துச்சு, அப்புறம் துரு, அப்புறம் சிவப்பா ரப்பர் துண்டு மாதிரி ஏதோ. அது முந்தின பம்புக்கு கேஸ்கெட்டோட சேர்த்து அப்பின சீலன்ட். அதிகமா அப்பினா பிதுங்கி உள்ள போய் பிச்சுக்கிட்டு சுத்தும், மெல்லிய குழாயை அடைக்கும். எஞ்சின் பிளாக்கையும் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசினோம். ஆசிட் ஊத்திக் கழுவலாம்னு பக்கத்துல ஒருத்தர் யோசனை சொன்னாரு, அண்ணன் விடலை. அலுமினியத்தை அது தின்னுடும்.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியா இருந்துச்சு. நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குன்னு எப்பவோ யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க. புதுசு போட்டோம். புது மூடி, ரெண்டு ஹோஸ், பெல்ட். அப்புறம் கூலன்ட், மேனுவல் சொன்ன விகிதத்துல, டிஎம் தண்ணியோட கலந்து. பேட்டரிக்கு ஊத்துற அதே தண்ணிதான். பச்சையா சிவப்பான்னு கலரைப் பார்த்து வாங்காதீங்க, கலருக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. மேனுவல்ல என்ன வகைன்னு பாருங்க. இருக்கிறது என்னன்னு தெரியலைன்னா மேல மேல ஊத்தாம முழுசா வடிச்சுட்டு மாத்துங்க.

கடைசியா ஒண்ணு. எல்லாம் மாட்டினதும் “ஒரு ஸ்டார்ட் அடிச்சுப் பார்க்கலாமா”ன்னு நான் சாவியில கை வெச்சேன். அண்ணன் கிட்டத்தட்ட கத்திட்டாரு. உள்ள இன்னும் தண்ணி ஊத்தலை. நான் சொன்ன அந்தப் படலம் இல்லாம சீல் சுத்தினா, கொஞ்ச நேரத்துலயே வளையம் கீறிடும். புது பம்ப் முதல் நாளே பழசாயிடும். முந்தின பம்புகள்ல ஏதாவது ஒண்ணு அப்படித்தான் போச்சான்னு எனக்கு இப்பவும் ஒரு சந்தேகம். ஊத்தினோம், காத்து முழுசா வெளிய வர்ற வரைக்கும் நின்னோம், அப்புறம்தான் ஸ்டார்ட்.

இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்ற அன்னிக்கு நாலாவது பம்புக்குப் பதினாலு மாசம். மாசம் ஒரு தடவை போன் டார்ச் அடிச்சு அந்த ஓட்டையைப் பார்க்கிறேன், காஞ்சுதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை வேலை என்கிட்ட இருந்து பறிக்கப்பட்டுடுச்சு. டிக்கியில அஞ்சு லிட்டர் டிஎம் தண்ணி கேன் ஒண்ணு இருக்கு, அது மேல அப்பா மார்க்கர்ல எழுதி வெச்சிருக்காரு: “வண்டிக்கு மட்டும். இவன் தொடக் கூடாது.”