ஊட்டியில் ஒரு ரோமானியத் தூண்! இங்கிலாந்து மாளிகை மலையேறிய கதை

எமரால்டிலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ் இத்தலார், முத்தோரை பாலாடா வழியாக ஏறி ஃபெர்ன்ஹில்லைத் தொடும். வழியெங்கும் தேயிலை, கேரட் தோட்டம், தகரக் கூரை போட்ட சின்னச் சின்ன வீடுகள். ஃபெர்ன்ஹில் வந்ததும் காட்சி மாறிவிடும். சரிவான கூரை, வரிசையாகப் புகைபோக்கிகள், மரச் சித்திர வேலைப்பாடு என்று மரங்களுக்கு நடுவே வேறொரு தேசம் எட்டிப் பார்க்கும். தினமும் இந்த வழியில் கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால், அந்த வீடுகளுக்குள் 200 வருடக் கதை இருக்கிறது.

முதல் கல்

நீலகிரியில் ஐரோப்பியக் கட்டடக் கதை ஜான் சல்லிவனிடம் தொடங்குகிறது. கோவை கலெக்டராக இருந்த அவர், 1819-ல் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். பிறகு ஊட்டிக்கு வந்து, 1822-ல் ‘ஸ்டோன் ஹவுஸ்’ வேலையைத் தொடங்கினார். அந்த நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்று சொல்லப்படுவதுண்டு. மலைமக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். மூங்கிலும் பிரம்பும் புல்லும் மண்ணும் வீடாக இருந்த மலையில், கல்லால் எழுந்த வீட்டுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அடுத்த சில ஆண்டுகளில் பங்களாக்கள் பெருகின. ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல். ஊட்டிக்கு வந்தது 1908-ல். அதற்கு முன்பு கட்டியதெல்லாம் மாட்டு வண்டியிலும் மனிதர்களின் தலையிலும் தோளிலும் ஏறி வந்த பொருள்கள்தான். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பெரிய மர உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. தோற்ற மன்னரின் கூரை, வென்றவர்களின் கோயிலுக்குக் கூரையானது!

டியூக்கின் வீடு

இந்த வரிசையில் உச்சம், தாவரவியல் பூங்காவை ஒட்டி நிற்கும் ஆளுநர் மாளிகை. அதைக் கட்டியவர் பக்கிங்ஹாம் டியூக். ஆம், சென்னையில் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்த அதே மனிதர்தான். 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார்.

அவருடைய பூர்வீக வீடு, இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோவ் மாளிகை. இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 17-ம் நூற்றாண்டில் செங்கல் வீடாகத் தொடங்கி, தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்தது. வான்பரோ, வில்லியம் கென்ட், ராபர்ட் ஆடம், ஜான் சோன் என்று அந்நாட்டின் பெரிய கட்டடக் கலைஞர்கள் பலரும் அதில் கைவைத்திருக்கிறார்கள். தோட்டத்தைத் தலைமைத் தோட்டக்காரராக இருந்து பார்த்துக்கொண்டவர், பின்னாளில் இங்கிலாந்து முழுக்கப் புகழ்பெற்ற ‘கேபபிலிட்டி’ பிரவுன்.

வீட்டின் நடுவில் கோயில் முகப்புபோல உயரமான தூண்கள், இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரி நீளும் சிறகுகள், தூண்களைத் தாண்டினால் முட்டை வடிவில் பளிங்கு மண்டபம். இதுதான் ஸ்டோவின் அமைப்பு. இந்த முகப்பும் இங்கிலாந்தின் சொந்தச் சரக்கு அல்ல. பழைய ரோமானியக் கோயில்களைப் பார்த்து, 16-ம் நூற்றாண்டில் பல்லாடியோ என்ற இத்தாலியர் வீடுகளுக்குப் பொருத்திய பாணி அது. அதை ஆங்கிலேயப் பிரபுக்கள் எடுத்துக்கொண்டார்கள். டியூக், ஸ்டோவை நினைவூட்டும் தூண் முகப்போடு ஊட்டியில் மாளிகை எழுப்பினார். ரோமில் பிறந்த தூண், இத்தாலி, இங்கிலாந்து என்று சுற்றி தொட்டபெட்டா அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஆனால், அந்த டியூக் வெறும் ஆடம்பரப் பிரபு அல்ல. அவருடைய அப்பா, இரண்டாவது டியூக், கடனில் மூழ்கிப்போனவர். 1848-ல் ஸ்டோவ் மாளிகையின் ஓவியம், சிற்பம், மேஜை நாற்காலி எல்லாம் 40 நாள் ஏலத்தில் விற்கப்பட்டன. வெறுமையாகிப்போன வீட்டின் வாரிசு, ஏழாயிரம் அடி உயரத்தில் அதன் முகத்தை மறுபடியும் கட்டிப் பார்த்தார்.

கீழே பஞ்சம்

அவர் பதவியில் இருந்த காலம்தான் தாது வருஷப் பஞ்சத்தின் காலமும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய அந்தப் பஞ்சத்திலும் அதையொட்டி வந்த நோய்களிலும் இறந்தவர்கள், இந்தியா முழுவதும் 50 லட்சத்துக்கும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாயை வெட்டியவர்கள், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த பசித்த மக்கள். அந்தக் கால்வாய்க்குத்தான் டியூக்கின் பெயர். 1877-ல் அவரே கூட்டம் கூட்டி இங்கிலாந்து மக்களிடம் நிதி கேட்டதும் வரலாறு. சமவெளியில் ஒரு கவளம் கஞ்சிக்காக மண் சுமந்தார்கள். அதே ஆட்சிக் காலத்தில் மலையில் மாளிகை எழுந்தது. ஊட்டியின் தூண்களைப் பார்க்கிறவர் கால்வாயையும் சேர்த்து நினைக்காவிட்டால், பாதிக் கதைதான் தெரிந்ததாக அர்த்தம்.

குளிருக்கு மூன்று பதில்கள்

நீலகிரியில் எந்த வீட்டுக்கும் முதல் எதிரிகள் குளிரும் மழையும். எமரால்டுக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

இந்தக் குளிருக்குத் தோடர்கள் சொன்ன பதில், அரைவட்டமாக வளைந்து தரைவரை இறங்கும் கூரையும், குனிந்து தவழ்ந்து நுழையும் சின்ன வாசலும். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. படுகர்களின் பதில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் ஹட்டி வீடுகள். பக்கத்து வீட்டுச் சூடும் நமக்கு வரும்.

ஆங்கிலேயர்களின் பதில் வேறு. சமவெளியில் நாம் வெயிலை வெளியே நிறுத்தத் திண்ணையும் முற்றமும் வைத்தோம். அவர்கள் வெயிலை உள்ளே அழைக்கப் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். சுவரைவிட்டு வெளியே தள்ளி நிற்கும் ஜன்னல், கண்ணாடியால் மூடிய வராந்தா எல்லாம் அதற்காகத்தான். உயரமான, விசாலமான அறைகள் சீக்கிரம் குளிர்ந்துவிடும். எனவே, அறைக்கு அறை கணப்பு அடுப்பு. கூரையில் வரிசை கட்டி நிற்கும் புகைபோக்கிகளை எண்ணினால், உள்ளே எத்தனை கணப்புகள் எரிந்திருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

எரிக்க விறகு வேண்டுமே? சோலைக் காடுகள் வெட்டப்பட்டன. பிறகு விறகுக்காகவே ஆஸ்திரேலியாவின் தைல மரமும் சீகை மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. தைல மரத்தை 1843-ல் கொண்டுவந்தவர் என்று குறிப்பிடப்படுபவர் கேப்டன் காட்டன். ஃபெர்ன்ஹில் பங்களாவை 1844-ல் கட்டியவராகச் சொல்லப்படுபவரும் கேப்டன் காட்டன்தான். வனத்துறை இன்று அந்நிய மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்கப் போராடுகிறது. அந்தச் சிக்கலின் ஒரு வேர் இந்தக் கணப்புகளில் இருக்கிறது.

வாழும் வீடுகள்

ஃபெர்ன்ஹில் பங்களா மைசூர் மகாராஜாவின் கைக்குப் போய் அரண்மனையானது. ஜோத்பூர் மகாராஜாவின் அரன்மூர் மாளிகை, இன்று அரசின் ‘தமிழகம்’ விருந்தினர் மாளிகை. ஆளுநர் மாளிகையில் துணைவேந்தர்கள் மாநாடுகள் நடந்திருக்கின்றன. சல்லிவனின் கல் பங்களாவில் 1955-ல் அரசு கலைக் கல்லூரி வந்தது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது? 20-ம் நூற்றாண்டில் வரிச்சுமையையும் பராமரிப்புச் செலவையும் தாங்க முடியாமல் நூற்றுக்கணக்கான கிராமப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. ஸ்டோவ் தப்பித்தது. காரணம், 1923-ல் அது பள்ளிக்கூடமானது. ஸ்டோவும் கல் பங்களாவும் ஒரே வழியில்தான் பிழைத்திருக்கின்றன. பிள்ளைகள் படிக்க வந்தார்கள், கட்டடம் நின்றது.

பூட்டிக் கிடக்கும் பழைய பங்களாவுக்கு மலையில் ஆயுள் குறைவு. தகரம் துருப்பிடித்து ஓட்டை விழும், உத்தரம் ஊறும், மரத் தளத்தைக் கரையான் அரிக்கும். நாலு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால், ‘இனி இடிப்பதுதான் வழி’ என்று சொல்லிவிடுவார்கள். ஆள் புழங்கும் வீட்டில் முதல் ஒழுக்கையே யாராவது பார்த்துவிடுவார்கள்.

யாருக்காகவோ கட்டப்பட்ட கல் பங்களா வளாகத்துக்குள் இன்று படுகர் வீட்டுப் பிள்ளைகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பேரப் பிள்ளைகளும் புத்தகப் பையோடு நடக்கிறார்கள். 1822-ல் அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களைப் போன்றவர்களின் வாரிசுகளுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதுதான், அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற மிக நல்ல காரணம்.