நுண்ணுயிர்ப் பாடம் – 9: எலி செரிக்காமல் விட்டது

சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் பிளாஸ்டிக்கைச் சேர்த்துவைப்பதை 1926இல் பிரான்சின் மோரிஸ் லெமுவான் கண்டறிந்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தினோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இளநிலை மாணவரின் ஆய்வுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் விடை தெரியாத கேள்வியை அந்த மாணவர் கையில் கொடுக்கலாமா என்பது அதற்கு முன்பே தீர வேண்டிய வழக்கு. கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு வலுவான சான்று நம் பினாங்கிலேயே, ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே கெலுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அங்கே உயிரியல் துறைப் பேராசிரியர் கே. சுதேஷ் குமாரின் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக ஒரே பொருளைத் துரத்திவருகிறது: பாக்டீரியாவுக்குச் செம்பனை எண்ணெயைத் தீனியாகக் கொடுத்து, அதனிடமிருந்து மக்கும் பிளாஸ்டிக்கைப் பெறுவது. குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்ற பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் போன்ற சத்து குறைந்து, கார்பன் மட்டும் தாராளமாகக் கிடைத்தால், மிஞ்சும் கார்பனை அது பி.எச்.ஏ. எனப்படும் பிளாஸ்டிக் மணிகளாக்கிச் சேமித்துக்கொள்ளும். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்காகவே இருக்கலாம். அதை வெளியே எடுப்பதில்தான் சிக்கல். குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் கரைத்துப் பிரிப்பது ஆய்வுக்கூட வழக்கம். மண்ணுக்குக் கேடு செய்யாத பொருளைப் பெற இத்தனை நச்சைச் செலவிடுவது செய்யும் வேலையின் நோக்கத்தையே கெடுக்கிறது.

இந்த வாரம் முழுவதும் என்னை விடாமல் பிடித்திருப்பது இதற்கு அவர்கள் கண்ட வழி. 1970களில் வேறு ஆய்வாளர்கள் இதே பாக்டீரியாவைப் புரத உணவாக்க முயன்றார்கள். புரதம் நிறைய இருந்தும் திட்டம் நிலைக்கவில்லை. சோயா புரதத்தின் போட்டி ஒரு தடை. பாக்டீரியாவுக்குள் செரிக்காமல் கிடந்த இந்தப் பிளாஸ்டிக் மணிகள் இன்னொன்று. அன்று குறையாக நின்றதையே பினாங்குக் குழு வழியாக்கியது. உலர்த்திய பாக்டீரியாவை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். எலிகள் தயங்காமல் தின்றன, நலமாகவும் இருந்தன. புரதம் எலிக்குப் போயிற்று. செரிக்காத மணிகள் வெள்ளைப் புழுக்கைகளாக வெளியே வந்தன. அவற்றில் 82 முதல் 97 விழுக்காடு வரை பிளாஸ்டிக்! 2013இல் பிளாஸ் ஒன் இதழில் இது வெளிவந்தது. 2016இல் எலியின் இடத்தில் மாவுப்புழுவை வைத்தும் செய்துகாட்டினார்கள். பறவை வளர்ப்போர் தீனியாக வாங்கும் அதே புழு. வயிறு செய்யும் வேலைக்குக் கரைப்பான் எதற்கு என்ற அந்த எண்ணம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இதில் மாணவர் எங்கே வருகிறார்? ‘ஒரு பிராணி இதைத் தின்றால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியைக் கேட்க முனைவர் பட்டம் வேண்டாம். புழுவை வைத்துச் செய்தால் முதல் படிக்குத் தராசும் டப்பாக்களும் உலர்த்தும் அடுப்பும் பொறுமையும் போதும். தூய்மையை உறுதிசெய்யும் கருவியைத் துறை கொடுக்கலாம். ஆனால் நம் இளநிலைச் செய்முறை வகுப்பில் நடப்பது வேறு. கொடுத்த பாக்டீரியாவுக்குக் கிராம் சாயமேற்றினால் ஊதா வர வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இளஞ்சிவப்பைக் கண்ட மாணவரும் ஏட்டில் ஊதா என்றே எழுதுகிறார். மதிப்பெண் கையேட்டின் விடைக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும். கண்டதை மறைக்கும் பழக்கம் அங்கேதான் வேர்விடுகிறது. விடை எங்கும் எழுதப்படாத கேள்வியில், தான் கண்டதைத் தவிர அவருக்கு வேறு துணை இல்லை.

தொடக்கநிலை மாணவர் தவறு செய்வார், அந்தத் தரவை யார் நம்புவது என்பது வலுவான மறுப்பு. பதில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகாம் ஹாட்ஃபுலிடம் இருக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களான ஃபேஜ்களை மாணவர்களே மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் பாடத்திட்டம் அவருடைய முயற்சியில் வளர்ந்து, 2008 முதல் பல கல்லூரிகளுக்குப் பரவியது. ஒவ்வொரு ஃபேஜையும் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்துகிறார்கள்; தேர்ந்தெடுத்தவற்றின் மரபணு வரிசையையும் படிக்கிறார்கள். தவறை வடிகட்டும் பொறுப்பு செய்முறையிடம் இருக்கிறது. ஒரு மாணவரின் கைத்திறனை மட்டும் நம்பி அது நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2010இல் ஓர் இளநிலை மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து எடுத்த ஃபேஜ் ஹாட்ஃபுலின் சேகரிப்பில் காத்திருந்தது. லண்டனில் நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றால் தவித்த 15 வயதுப் பெண்ணுக்கு, வேறு இரண்டு ஃபேஜ்களோடு அதையும் செலுத்தினார்கள். தொற்று முற்றாக ஒழியவில்லை. ஆனாலும் அவள் உடல் தேறியது. 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் அந்த அறிக்கை வந்தது.

ஆபத்தான கிருமியை மாணவர் கையில் கொடுக்கலாமா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஃபேஜ் வகுப்பில் பெரும்பாலும் வளர்ப்பது காசநோய்க் கிருமியின் நோய் தராத உறவினரை. குப்ரியாவிடஸ் நெக்கேட்டரும் பொதுவாக மனிதருக்கு நோய் தராததாகவே கருதப்படுகிறது. தீங்கற்ற உயிரைத் தேர்ந்துகொடுப்பது ஆசிரியரின் பொறுப்பு. பாடத்திட்டம் முடியாது என்பவர்களுக்கு என் பதில்: பத்துச் செய்முறைகளில் நான்கை விட்டுவிடுங்கள். ஒரு பருவம் முழுக்க ஒரே பாக்டீரியாவோடு மல்லுக்கட்டுபவர் அந்த நான்கின் நுட்பங்களையும் தேவை வரும்போது கற்றுக்கொள்வார். வகுப்பில் கூட்டம் அதிகம் என்பதும் இங்கே பலமாகலாம். ஒரே அளவீட்டை முப்பது பேர் தனித்தனியாக எடுத்தால் பிழை எங்கே என்று தானாகவே தெரியும். எதிர்பார்த்தது வராத மாணவருக்கு எத்தனை மதிப்பெண் என்பதற்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அது அடுத்த வாரம்.