பிரெய்ரி நாய்க்கு வைக்கும் விஷம் ஏன் கழுகு வரை போகிறது?

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. பிரெய்ரி நாய், நாயே இல்லை, அணில் குடும்பம். ஆபத்தைக் கண்டால் குரைப்பதுபோலக் கத்தும், அதனால் வந்த பெயர். அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது.

மாடு மேய வேண்டிய புல்லை இது தின்றுவிடுகிறது என்பது பண்ணைக்காரர்களின் புகார். மழை பொய்த்த வருடங்களில் அதில் நியாயமும் இருக்கிறது. கான்சஸ் மாநிலம் இதை ஒழிப்பதற்கு 1901-லேயே சட்டம் போட்டது. விஷம், உழவு, பிளேக் மூன்றும் சேர்ந்து, இன்று இது வாழும் பரப்பு பழையதில் மிகச் சிறு பங்குதான்.

ஆனால் எந்த விஷம் என்று நீங்கள் கேட்க வேண்டும். சிங்க் பாஸ்பைடு சில மணி நேரத்தில் கொன்றுவிடும். ரோசோல் என்ற பெயரில் விற்கும் குளோரோபாசினோன் அப்படியில்லை. தானியத்தில் கலந்து வளைக்குள் போடுவார்கள். அது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும், ரத்தம் உறையாது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகப் பல நாட்கள் ஆகும். அதுவரை வெளியே வந்து தள்ளாடிக்கொண்டிருக்கும். கழுகுக்கும் நரிக்கும் இதைவிடச் சுலபமான இரை ஏது? தின்றால் அதே விஷம் அவற்றுக்குள்ளும் போகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற நம்ம ஊர் பாறு கழுகுகளைக் கொன்றதும் இதே வழியில்தான்.

இதில் ரொம்பவே சிக்கலில் இருப்பது கருங்கால் ஃபெரட், கீரி போன்ற சின்ன வேட்டை விலங்கு. 1979-ல் இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். 1981-ல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது! தேடிப் பார்த்ததில் ஒரு சிறு கூட்டம் கிடைத்தது. 1987-க்குள் மிஞ்சியிருந்த 18-ஐயும் பிடித்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அதன் உணவில் 90 சதவீதம் பிரெய்ரி நாய். தூங்குவதும் அதன் வளையில். விஷம் அதைத் தொடாவிட்டாலும் பட்டினி தொடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-ல் ரோசோலை அனுமதித்தது. வனவிலங்குத் துறையிடம் முறையாக ஆலோசிக்காமல் கொடுத்த அந்த அனுமதி சட்டமீறல் என்று 2011-ல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. முழுத் தடை வரவில்லை, நிபந்தனைகள் வந்தன. செத்த உடல்களைத் தேடி அகற்ற வேண்டும் என்கிறது லேபிள். பரந்த புல்வெளியில் அத்தனையையும் கண்டுபிடிக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

விஷமில்லாத வழிகளும் உண்டு. வேறு இடத்துக்குப் பிடித்து மாற்றலாம். அதைவிட எளிது, எல்லையில் புல்லை உயரமாக வளரவிடுவது. எதிரி வருவது தெரியாத இடத்தில் குடியேற பிரெய்ரி நாய் தயங்கும்.